புராணப் பயன்: அருளும் தன்மதிப்பும்

நூலொன்றை ஓதுதல் வேறு. ஓதியதன் பயனைப் பெறுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் புராணபடன மரபே சான்றாகும். ஆலய மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். அருகிருக்கும் மற்றொருவர் அதனை விரித்துரைப்பார். இவ்வாறு விரித்துரைத்தற்கு நம்மவர் இட்ட பெயர் 'பயன் சொல்லுதல்' என்பதாம். பொருள் சொல்லுதல் என்றோ உரை சொல்லுதல் என்றோ கூறியிருக்கலாம். அங்ஙனம் கூறாது 'பயன்' என்றமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சொல்லுக்குச் சொல் பொருள் கூறியவுடன் உரைகாரர் கடமை முடிந்துவிடுவதில்லை. கேட்டிருப்போர் எழுந்து வீடு செல்லுமுன் தம் வாழ்க்கைக்கு வேண்டியதொன்றைப் பெற்றுச் செல்லுதல் வேண்டும் என்பதே அப்பெயரின் உட்கிடையாகும்.

நம் கல்லூரியின் விழா மலரிலே இப்பொருளைப் பற்றி எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. கல்லூரி வாழ்க்கையில் நாம் பல நூல்களைக் கற்கின்றோம். அவற்றின் பயனைப் பரீட்சைப் புள்ளிகளால் அளக்கின்றோம். ஆயின், ஒருவன் தன்னைத் தான் எவ்வாறு மதித்தல் வேண்டும், தவறிவீழ்ந்த காலத்துத் தன்னோடு தான் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும், பிறர் வீழ்ந்தவிடத்து அவரை எக்கண் கொண்டு நோக்குதல் வேண்டும் என்னும் வினாக்கள் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. வாழ்க்கையோ அவ்வினாக்களை நாள்தோறும் நம்மிடம் கேட்கின்றது. அவற்றிற்கு விடை காணும் இடமாகவே நம் சமயநூல்களை நம் முன்னோர் கருதினர். அவற்றுள் கந்தபுராணம் ஒன்றையே எடுத்துக்கொண்டு அது தரும் பயனை ஈண்டு ஆராய்வாம்.

தென்மராட்சியும் கந்தபுராணமும்

கந்தபுராணத்தை அருளியவர் காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் அருச்சகராய் விளங்கிய கச்சியப்ப சிவாசாரியர். உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தக்ஷ காண்டங்கள் என ஆறு காண்டங்களும் 10,345 செய்யுட்களும் கொண்டது அந்நூல். காஞ்சியிலே பிறந்த அந்நூல் வேரூன்றித் தழைத்தது யாழ்ப்பாணத்திலே எனின் அது மிகையாகாது. எழுத்தறியாத முதியோரும் சூரன், சிங்கமுகன், தாரகன், வீரவாகுதேவர் ஆகியோரைத் தம் அயலவரைப் போல அறிந்திருந்தனர். புராணபடனத்தைச் செவியாற் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது.

இந்நிலையைக் கண்டே யாழ்ப்பாணத்தவர் வாழ்வு முறைக்குக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டு அதனை வலியுறுத்தினார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள். 1899ஆம் ஆண்டு பிறந்து 1986ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியார் நம் தென்மராட்சியைச் சேர்ந்த மட்டுவிலிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதொன்று. கந்தபுராணத்துத் தக்ஷகாண்டத்திற்கு உரை வகுத்தவரும் அவரே. அவருக்கு முன்னரே அதே மட்டுவிலிற் பிறந்த உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளை அவர்கள் திருவாதவூரடிகள் புராணத்திற்கு விருத்தியுரை செய்து புகழ்பெற்றார். ஆகவே, பயன் சொல்லும் மரபு நமக்கு வேற்றூர்ச் சரக்கன்று. நம் வீட்டு முற்றத்தில் விளைந்தது.

நல்லைநகர் ஆறுமுக நாவலர் அவர்கள் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடக்கிவைத்ததும், 1852ஆம் ஆண்டு பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டதும் இம்மரபினின்றும் கிளைத்த செயல்களே. செய்யுள் உணரமாட்டாதார்க்கும் நூற்பயன் சென்றடைதல் வேண்டும் என்னும் வேட்கையே அவற்றின் அடிப்படை. பிற சமயத்தாரிடத்தும் இத்தகைய வழக்கம் உண்டு. யூதர் தம் மறையை வாரந்தோறும் பகுதி பகுதியாகச் சபையில் ஓதி விளக்குவர். சீக்கியர் தம் குரு கிரந்தத்தை ஓதியபின் அதன் கருத்தை எடுத்துரைப்பர். பௌத்தர் பணகேட்டல் என்பதும் இதற்கு அணித்தே. தனியே இருந்து வாசிப்போன் தனக்கு உவந்ததையே நூலிற் காண்பன்; சபையிலிருந்து கேட்போனுக்குத் தான் விரும்பாத உண்மையும் வந்து சேரும். இதுவே சபையில் ஓதுதலின் சிறப்பு.

இருவகை நோய்

உள்ளத்தைப் பற்றும் நோய்கள் பலவாயினும், தன்னை மதிப்பதில் மனிதன் கொள்ளும் நோய் இருவகைப்படும். தன்னை மிகப் பெரியவனாக எண்ணுதல் ஒன்று. தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுதல் மற்றொன்று. முன்னையதை யாவரும் நோய் என்பர். பின்னையதைச் சிலர் பணிவு என்று மயங்குவர். அம்மயக்கம் பெருந்தீங்கு விளைப்பது.

சைவசித்தாந்தம் இவ்விடத்து நமக்கு ஒரு திறவுகோலைத் தருகின்றது. ஆணவம் என்னும் சொல் அணு என்பதன் வழி வந்தது. வியாபகமாகிய ஆன்மாவை அணுவைப்போலச் சிறுமைப்படுத்தி நிற்றலின் அம்மலம் ஆணவம் எனப் பெயர் பெற்றது என்பர் சித்தாந்த நூலார். உலக வழக்கிலோ ஆணவம் என்றால் செருக்கு என்றே பொருள் கொள்கின்றோம். செருக்கு ஆணவத்தின் ஒரு செயலேயன்றி முழுவடிவம் அன்று. தன்னைப் பெரியவனாகக் காட்டுவதும் அதுவே. தன்னைச் சிறியவனாகக் காட்டி மூலையில் முடக்குவதும் அதுவே. இரண்டிடத்தும் மனிதன் தன்னையே நோக்கி நிற்கின்றான்; தன் உண்மை இயல்பையும் தனக்கு உள்நின்று உதவும் திருவருளையும் நோக்குகின்றானில்லை. செருக்கனும் தன்னை இகழ்வோனும் ஒரே சிறையின் இருவேறு அறைகளில் இருப்பவர் என்று கூறின் பொருந்தும்.

ஆன்மாவிற்கும் மலத்திற்கும் உள்ள தொடர்பைச் செம்பிற்கும் களிம்பிற்கும் உள்ள தொடர்பாகக் காட்டுவது சித்தாந்த மரபு. களிம்பு செம்போடு தொன்றுதொட்டே உள்ளது. புதிதாக வந்து ஒட்டியதன்று. ஆயினும் களிம்பு செம்பு ஆகாது. நம் இல்லங்களிலே களிம்பேறிய செம்புக் குடத்தைக் கண்டோர் அதனை எறிந்துவிடுவதில்லை, புளியிட்டுத் துலக்குவர். துலக்குவோர் கை வலிமையாகத் தேய்க்கும். ஆயினும் குடத்தின் மேல் அவருக்குச் சினம் இல்லை. நம் குற்றங்களை நாம் கையாளவேண்டிய முறையும் இதுவே. குற்றத்தைக் குற்றம் என்று காணுதல் வேண்டும். அக்குற்றமே நான் என்று முடிவுசெய்தல் ஆகாது.

இங்கே ஒரு தடை எழலாம். திருமுறைகளை அருளிய பெரியோர் தம்மை நாயினும் தாழ்த்திப் பாடியுள்ளனரே, அது தன்னிகழ்ச்சியன்றோ என வினவலாம். அவர்தம் கூற்றை எடுத்த இடம் நோக்கி உணர்தல் வேண்டும். அவர் தம்மைத் தாழ்த்தியது இறைவன் சந்நிதியிலேயாகும். அவ்வாறு தாழ்த்திய அதே நாவுக்கரசர் பல்லவ வேந்தன் ஆணையைக் கேட்டவிடத்து எவர்க்கும் அடிமையாகாத பெருமிதத்தோடு நின்றார். இறைவன் முன் தாழ்ந்த தலை அரசன் முன் நிமிர்ந்தது. தாழ்ச்சியும் நிமிர்ச்சியும் அவரிடத்து முரண்பட்டன அல்ல; முன்னையதே பின்னையதற்கு வேர். தம்மை ஒன்றுக்கும் உதவாதவர் என்று எண்ணியவர் அவ்வாறு நின்றிருத்தல் கூடுமோ?

தடுத்து நின்ற மானம்

இனிக் கந்தபுராணத்துட் புகுவாம். தாரகனை மாயையாகவும், சிங்கமுகனைக் கன்மமாகவும், சூரபன்மனை ஆணவமாகவும் கொண்டு பயன் சொல்லுவது நம் மரபு. அவ்வாறு கொள்ளுமிடத்துப் போர்க்களம் வெளியே இல்லை. கேட்டிருப்போர் நெஞ்சமே போர்க்களமாகின்றது.

சூரபன்மன் வதைப்படலத்திலே ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. பெரும்போர் நடந்துகொண்டிருக்கும்போதே முருகப்பெருமான் தமது பேருருவைச் சூரனுக்குக் காட்டுகின்றார். காண்பதற்கு வேண்டிய உணர்வையும் அவரே அருளுகின்றார். சூரன் அவ்வுருவைக் கண்டு வியக்கின்றான். பகை எங்கோ போய்விடுகின்றது. சிறுவன் என்று தான் இகழ்ந்தவன் யாவர்க்கும் தலைவன் என்பதை உணருகின்றான். சுற்றிவந்து வணங்க வேண்டும், கைகூப்ப வேண்டும், தலைதாழ்த்த வேண்டும், இவனுக்கு ஆளாகி வாழ வேண்டும் என்றெல்லாம் அவன் உள்ளம் விழைகின்றது. ஆனால் அவன் வணங்கவில்லை. தடுத்தது ஒன்றே; அது மானம் என்கின்றார் கச்சியப்பர். பின்னர்ப் பெருமான் அவ்வுருவை மறைத்தருள, பழைய பகையும் செருக்கும் மீண்டும் சூரனைப் பற்றிக்கொள்ளுகின்றன.

இப்பகுதிக்குப் பயன் சொல்லுவோர் இங்கே சற்று நிற்பது நல்லது. சூரனுக்கு அறிவு இல்லாமல் இல்லை. உண்மை அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெகிழ்ச்சியும் வந்துவிட்டது. ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆண்டவன் எல்லார் முன்னிலையிலும் எவ்வாறு பணிவது என்னும் ஒன்றே அவனை வீழ்த்தியது. மகேந்திரபுரியில் தம்பி சிங்கமுகன் தேவர்களைச் சிறைவிடுமாறு அறிவுரை கூறியபோது அவனைக் கடிந்தடக்கியதும் இம்மானமே.

மானம் என்பதைத் திருவள்ளுவர் 97ஆம் அதிகாரமாக வைத்துப் போற்றியுள்ளாரே எனின், உண்மையே. அவர் போற்றியது இழிசெயலைச் செய்ய மறுக்கும் மானம். சூரனைக் கெடுத்தது நற்செயலைச் செய்ய மறுக்கும் மானம். முன்னையது ஒருவன் தன் உள்ளத்திற்கு அஞ்சி நிற்பது. பின்னையது பிறர் கண்ணுக்கு அஞ்சி நிற்பது. இரண்டிற்கும் பெயர் ஒன்றாக அமைந்தமையால் நாம் அடிக்கடி ஏமாறுகின்றோம்.

நம் யாழ்ப்பாணச் சமுதாயத்திலே இவ்வேமாற்றம் மிகுதி என்பதை மறுத்தற்கில்லை. 'நாலுபேர் என்ன சொல்லுவார்கள்' என்னும் ஒரு வாக்கியம் எத்தனையோ இல்லங்களிலே இறுதித் தீர்ப்பாக விளங்குகின்றது. உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த பெறுபேறு கிட்டாத மாணவன் வீதியில் இறங்க நாணுகின்றான். பெற்றோர் உறவினர் விழாக்களைத் தவிர்க்கின்றனர். சிற்சில வேளைகளில் இளைஞர் தம் உயிரையே வெறுக்கும் அளவிற்கு அந்நாணம் முற்றிவிடுகின்றது. அம்மாணவனைத் தாக்கியது பெறுபேறன்று. பெறுபேறே நான் என்னும் மயக்கம். களிம்பைச் செம்பு என்று கொண்ட பிழையே இதுவும். இம்மயக்கத்தை நீக்கவல்ல உரையை அவனுக்கு யார் சொல்லுவது? பாட ஆசிரியர் சொல்லலாம், பெற்றோர் சொல்லலாம், நூற்பயன் உணர்ந்தோர் எவரும் சொல்லலாம். சொல்லாதிருத்தல்தான் குற்றம்.

அழிவின்றி மாறியது

சூரன் கடல் நடுவே மாமரமாகி நிற்கின்றான். வேற்படை அம்மரத்தை இருகூறாக்குகின்றது. அவ்விரு கூறும் மயிலும் சேவலுமாகிச் சினத்தோடு எதிர்த்து வருகின்றன. அப்போது முருகப்பெருமான் மேலும் படை விடுத்தாரல்லர், அருணோக்கம் செய்தார். அந்நோக்கத்தாலே பகை ஒழிந்து மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று.

இதனைச் சைவநூலார் மறக்கருணை என்பர். இனிய மொழி கூறித் திருத்துதல் அறக்கருணை. ஒறுத்துத் திருத்துதல் மறக்கருணை. இரண்டும் கருணையே. போரின் முன்னரே வீரவாகுதேவரைத் தூதாக விடுத்து அறக்கருணை காட்டப்பட்டது. அது பயன்படாதபோது மறக்கருணை வந்தது. ஆயினும் முடிவில் எஞ்சியது அழிவன்று, மாற்றம்.

இதன் பயன் யாது? நம்முள்ளே இருக்கும் தீக்குணங்களை நாம் வெறுத்து வெட்டி எறிந்துவிட இயலாது. சினம் மிக்கவன் சினத்தின் மேலேயே சினங்கொண்டு அதனை வெல்ல முயன்றால் சினம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. ஆணவ மலம் முத்தியிலும் இல்லாது ஒழிவதன்று. தன் வலி கெட்டு அடங்கிக் கிடக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. மயில் இறந்துபடவில்லை; சுமந்து நிற்கின்றது. பிடிவாதம் உடைய மாணவனின் பிடிவாதமே நன்னெறியிற் படுமாயின் விடாமுயற்சியாகின்றது. உரக்கக் கூவிச் செருக்கிய குரலே விடியலை அறிவிக்கும் சேவற்குரலாகின்றது. தன் குறையைத் தானே கொல்ல முயல்வோன் தன்னையே புண்படுத்துகின்றான். அக்குறையை அருளின் பார்வையில் கொண்டுவந்து நிறுத்துவோன் அதனையே துணையாக்கிக்கொள்கின்றான். தன்பால் தான் கொள்ளும் இரக்கம் என்று நாம் கூறுவது இதனையே. அது தன் குற்றத்தை மூடிமறைக்கும் சலுகையன்று. வேல் முதலில் மரத்தைப் பிளந்தது என்பதை மறத்தலாகாது. பிளவு உண்டு, அதன்பின் அருணோக்கம் உண்டு.

சிறையில் வந்த ஆறுதல்

மகேந்திர காண்டத்திலே சயந்தன் புலம்புறு படலம் என்பதொன்று உண்டு. இந்திரன் மைந்தனாகிய சயந்தன் சூரனது சிறையிலே கிடந்து வருந்துகின்றான். பெற்றோர் எங்குள்ளார் என்பதும் அறியான். விண்ணுலக வாழ்வை எண்ணி எண்ணிப் புலம்புகின்றான். அடுத்துச் சயந்தன் கனவு காணும் படலம் வருகின்றது. முருகப்பெருமான் அவன் கனவிலே தோன்றி அஞ்சற்க என்று தேற்றுகின்றார். பின்னர் வீரவாகுதேவரும் சிறைபுகுந்து அவனைத் தேற்றுகின்றார்.

இவ்விடத்து நாம் நோக்கவேண்டியது ஒன்று. சயந்தன் தேறும்போது சிறைக்கதவு இன்னும் திறக்கப்படவில்லை. போர் இன்னும் தொடங்கவும் இல்லை. புறநிலையில் எம்மாற்றமும் நிகழுமுன்னரே அவன் மறக்கப்பட்டவன் அல்லன் என்னும் செய்தி அவனுக்குக் கிடைக்கின்றது. தன்மதிப்பின் வித்து இதுவே. நாம் வென்றபின் நம்மை மதிப்பது எளிது. சிறையில் இருக்கும்போதே, யாரோ ஒருவருக்கு நாம் பொருட்டாக உள்ளோம் என்று உணர்தலே அருளின் முதற்கொடை.

தென்மராட்சி மக்கள் இப்படலத்தின் பயனை ஏட்டிலன்றி வாழ்விலும் கண்டவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள், கந்தசஷ்டி நாட்களை ஒட்டி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி, கைதடி வழியாகத் தென்மராட்சிக்குள் வந்தனர். இங்குள்ள வீடுகளும் பாடசாலைகளும் ஆலய மண்டபங்களும் அவர்களுக்குப் புகலிடமாயின. ஐந்தாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று. இடங்கொடுத்தவர்களே இடந்தேடிப் போயினர். வீட்டையும் நிலத்தையும் பதவியையும் வைத்தே தம்மை மதித்தவர்க்கு அந்நாட்களில் ஒன்றும் எஞ்சியிராது. எஞ்சியது எதுவோ அதுவே உண்மை மதிப்பு. ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்துண்டவர் யார், பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையோடு உறங்கவைத்தவர் யார் என்பதை அக்காலத்தைக் கண்டோர் இன்றும் மறந்திலர். வீரவாகுதேவர் சிறைபுகுந்து தேற்றியதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

உள்ளிருந்து வெளியே

தன்பால் இரக்கம் உடையவன் பிறர்பால் இரக்கம் காட்டாதிருத்தல் இயலாது. காட்டானாயின் அவன் கொண்டது இரக்கமன்று, தன்னலமே. இச்சோதனையிலே நம் முன்னோர் எவ்வாறு தேறினர் என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும்.

தக்ஷகாண்டத்தின் முடிவிலே வள்ளியம்மை திருமணம் கூறப்படுகின்றது. வேடர் தலைவன் வளர்த்த மகளாய்த் தினைப்புனம் காத்த ஒருத்தியைத் தேடித் தேவசேனாபதி தாமே நடந்து வருகின்றார். வேடனாயும் வேங்கையாயும் விருத்தனாயும் வேடங்கொள்ளுகின்றார். உயர்ந்தவர் இருக்குமிடத்திற்குத் தாழ்ந்தவர் வரவில்லை. தாழ்ந்தவர் எனப்பட்டவர் இருக்குமிடத்திற்குப் பெருமான் சென்றார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைப் பாடிய கவிஞர் தம் நூலின் நிறைவை இத்திருமணத்திலே வைத்தார்.

இந்நூலையே ஆண்டாண்டாக மண்டபத்துள் ஓதிய நம் சமுதாயம், பிறப்பின் பெயரால் ஒரு பகுதியினரை வீதியிலே நிற்கவைத்தது. அவர்கள் புராணத்தைக் கேட்டிருந்தால் மதிலுக்கு அப்பாலிருந்தே கேட்டிருப்பர். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியதாயிற்று. வள்ளி மணாளன் திருவாயிலிலே இது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு துணுக்குறுகின்றது. செய்யுள் பிழையின்றி வாசிக்கப்பட்டது. பொருளும் பிழையின்றிச் சொல்லப்பட்டது. பயன் மட்டும் வாயிலைத் தாண்டவில்லை.

அதே தக்ஷகாண்டத்திலே மற்றொரு படிப்பினையும் உண்டு. சிவபெருமானை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியிலே தேவர்கள் சென்று அமர்ந்தனர். அது தவறென்பதை அவர்கள் அறியாதவர்களல்லர், தக்கனுக்கு அஞ்சினர். ததீசி முனிவர் ஒருவரே எழுந்து அறத்தை எடுத்துரைத்து அவையை விட்டு நீங்கினார். தேவர் பின்னர்ச் சூரனால் அடைந்த துயருக்கு அவ்வேள்வியிற் பங்குகொண்டமையே காரணம் என்கின்றது புராணம். பணிய வேண்டிய இடத்துப் பணியாமை சூரன் செயல். எழ வேண்டிய இடத்து எழாமை தேவர் செயல். எழ வேண்டிய இடத்து எழுந்து நின்றவர் ததீசி. தன்மதிப்பு யாது என்பதை இம்மூவரையும் அருகருகே வைத்து நோக்கினால் மாணவரும் எளிதில் உணர்வர். தலைவெட்டுண்ட தக்கனுக்கும் ஆட்டுத்தலை பொருத்தி உயிர் அளிக்கப்பட்டது என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும். புராணத்திலே திரும்பி வருவதற்கு வழி அடைக்கப்பட்டவர் எவரும் இலர்.

இனிச் செய்யற்பாலன

புராணபடனம் நம் ஊர்களில் இன்று அருகிவருகின்றது. இசையோடு வாசிப்போரும் பயன் சொல்லுவோரும் முதியோராயினர். ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் குரலைத் தருகின்றன. எதிரே அமர்ந்திருப்போர் முகம் நோக்கிப் பயன் கூறும் பணியை அவை செய்யமாட்டா. ஆகவே, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம்.

மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து வாரத்திற்கு ஒரு சிறு பகுதியேனும் வாசித்தல் நன்று. ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் கூறுக. அடுத்த வாரம் முறைமாறுக. பொருள் விளங்காத சொல்லுக்கு அகராதியை நாடுக. பொருள் விளங்கியபின் மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்க. இதிலே வரும் எவருடைய பிழை என்னிடத்தும் உள்ளது? அப்பிழையை இந்நூல் எக்கண்கொண்டு நோக்குகின்றது? அக்கண்கொண்டு நான் இன்று யாரை நோக்க வேண்டும்? மூன்றாவது வினாவிற்கு ஒரு பெயர் விடையாக வராதாயின் அன்றைய வாசிப்பு முற்றுப்பெறவில்லை என்று கொள்ளுக.

ஆசிரியப் பெருமக்கள் சமயபாடத்தைக் குறிப்பு எழுதுவித்தலோடு நிறுத்தாது, பயன் சொல்லுதற்கும் சிறிது நேரம் ஒதுக்குவாராக. வகுப்பிற் பின்வாங்கிய மாணவனுக்குச் சயந்தன் கதை தேவைப்படலாம். முன்னிற்கும் மாணவனுக்குச் சூரன் கதை தேவைப்படலாம். எவர்க்கு எது வேண்டும் என அறிந்து கொடுப்பதே உரைகாரர் திறம். நூலைப் பிறர் தலையிலடிக்கும் கோலாகப் பயன்படுத்துவோர் அதன் பயனை இழந்தவராவர்.

உலகின் பல பாகங்களிலும் வாழும் பழைய மாணவர் கல்லூரிக்குக் கட்டடமும் கருவிகளும் தருகின்றனர், அது போற்றற்குரியது. அதனோடு, புராணபடனம் அறிந்த முதியோர் இன்னும் இருக்கும்போதே அவர்தம் வாசிப்பு முறையை இளையோர் கற்றுக்கொள்ள வழிசெய்வாராயின், அது கட்டடத்தினும் நெடுநாள் நிற்கும் கொடையாகும்.

நம் ஆலயங்களிலே வழிபாட்டின் முடிவிற் பாடப்படும் வாழ்த்துப் பாடல் கந்தபுராணத்திலுள்ளதே என்பதைப் பலர் அறிவர். மழையும் செங்கோலும் அறமும் தவமும் வேண்டும் அவ்வாழ்த்து, உயிர்களெல்லாம் குறைவின்றி வாழ்தல் வேண்டும் என்றும் விழைகின்றது. இவ்வுயிர், அவ்வுயிர் என்ற பாகுபாடு அதில் இல்லை. பாடுவோனும் அவ்வுயிர்களுள் ஒருவனே. அவன் அயலவனும் ஒருவனே. அவன் பகைவனும் ஒருவனே. நாவினால் நாம் நாள்தோறும் கூறும் அவ்வாழ்த்தை நெஞ்சினாலும் ஒருமுறை கூறிப்பார்ப்போமாக. புராணத்தின் பயன் அப்போது நம் கைக்கு வந்து சேரும்.